விரல் இருக்கும் வரை

பவர்பாயின்ட்டில் ஒரு படத்தை இம்மியளவு வலது பக்கம் நகர்த்திப் பார்த்திருக்கிறீர்களா? இழுப்பீர்கள். நகராது. இன்னும் கொஞ்சம் இழுப்பீர்கள். 'டக்'கென்று தாண்டிப் போய்ப் பக்கத்துப் படத்தின் ஓரத்தோடு ஒட்டிக்கொள்ளும். திரும்ப இழுத்தால் பழைய இடத்துக்கே வந்து உட்காரும். நீங்கள் கேட்பது இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம். அங்கே மட்டும் நிற்கவே நிற்காது.

இதற்கு ஸ்நாப்பிங் என்று பெயர். வைத்தியம் சுலபம். ஆல்ட் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுங்கள், சொன்ன பேச்சைக் கேட்கும். ஒரே ஒரு ஜாக்கிரதை. மவுஸை முதலில் விடணும், அப்புறம்தான் கீயை. மாற்றிச் செய்தால் பல மென்பொருள்களில் கடைசி நொடியில் படம் துள்ளிப் போய் மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

இந்த வாரம் கம்ப்யூட்டர் டிப்ஸா என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த ஆல்ட் கீக்கு அடியில் ரொம்பப் பழைய கேள்வி ஒன்று இருக்கிறது. நம் நன்மைக்காகவே நம் கையைப் பிடித்துத் திருத்துகிற ஒருவரிடம், 'இந்த ஒரு தடவை மட்டும் விடு' என்று எப்படிக் கேட்பது? அவர் விட்ட பிறகு, அந்த 'ஒரு தடவை' எப்போது முடிகிறது?

கையைப் பிடித்துத் திருத்துகிற பழக்கத்தைக் கணினிக்கு ஆரம்பித்துவைத்தவர் ஐவன் சதர்லண்ட். 1963-ல் எம்.ஐ.டி.யில் ஆய்வு மாணவராக இருந்தபோது ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். திரையில் ஒளிப்பேனாவால் கோடு போடலாம். மனிதக் கை நடுங்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஏற்கெனவே இருக்கும் ஒரு புள்ளிக்கு அருகில் பேனா வந்தாலே, 'நீ அந்தப் புள்ளியைத்தான் சொல்கிறாய்' என்று நிரல் எடுத்துக்கொண்டது. 1986-ல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் எரிக் பியரும் மொரீன் ஸ்டோனும் இதை விரித்து 'ஸ்நாப் டிராகிங்' என்று பெயர் வைத்தார்கள். அருகில் போனால் பொருள் இழுக்கும், புவியீர்ப்பு மாதிரி.

நம் வாசல்களில் இது புதுசில்லை. புள்ளி வைத்துவிட்டால் கோலம் கோணாது. தாம்பரத்தில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதி, கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். ஆனால் சிக்குக் கோலம் போடுகிற பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். கோடு புள்ளியைத் தொடக் கூடாது, சுற்றிக்கொண்டு போகணும் என்பார். அங்கே புள்ளி வழி காட்டும், பிடித்து இழுக்காது.

அதே தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக மேற்கே போனால் ஒரகடம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை. இந்தத் தடத்தில் ஷிஃப்ட் என்று சொன்னால் எல்லோருக்கும் பஸ்தான் ஞாபகம் வரும், கீ இல்லை. 1998-லிருந்து ஹூண்டாய், 2010-லிருந்து ரெனோ-நிசான் கூட்டாகத் தொடங்கிய ஆலை, 2012-லிருந்து டைம்லரின் பாரத்பென்ஸ் லாரிகள், 2013-லிருந்து ராயல் என்ஃபீல்டு. இவற்றைச் சுற்றிலும் வெண்டார் கம்பெனிகள். சாலையில் போகிறவர்கள் லாரிகளையும் சுற்றுச்சுவர்களையும்தான் பார்க்கிறார்கள். ஆனால் உள்ளே உருவாகும் ஒவ்வொரு பிராக்கெட்டும் போல்ட் துளையும் முதலில் ஒரு ஏ.சி. அறையில் யாரோ ஒருவர் மானிட்டரில் இழுத்த கோடு.

எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒரு வெண்டார் கம்பெனியில் டூல் டிசைனர். பாலிடெக்னிக்கில் டிப்ளமா, அப்புறம் பல வருஷமாக ஆட்டோகேட். ஸ்நாப் இல்லாமல் வரைந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"கண்ணுக்கு ரெண்டு கோடும் தொட்ட மாதிரிதான் சார் தெரியும். ஜூம் பண்ணிப் பாத்தா நடுவுல ரோடு போடலாம்."

கோடுகள் மூடவில்லை என்றால் அதை ஒரு முழு வடிவமாக மென்பொருள் ஏற்காது. உள்ளே நிறம் நிரப்ப முடியாது. தகட்டை வெட்டுகிற மெஷினுக்கு அனுப்பினால் எங்கே வெட்டுவது என்று தெரியாமல் முழிக்கும். ஆகவே ஸ்நாப் என்பது வெறும் அழகு விஷயம் இல்லை. தொட்டதா தொடவில்லையா என்பதில் கண்ணை நம்பாதே, கணக்கை நம்பு என்கிற ஒழுக்கம். அதை வேண்டாம் என்று சொல்லும் டிசைனர் யாரும் இல்லை.

ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். ஒரே இடத்தில் பத்துக் கோடுகள் நெருங்கிக் கிடக்கும். நீங்கள் துளையின் மையத்தைப் பிடிக்கப் போவீர்கள். அடியில் மறைந்திருக்கிற வேறொரு கோட்டின் முனை இழுத்துக்கொள்ளும். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். மானிட்டரில் தெரியாது. "தப்பான இடத்துல கரெக்டா உக்காந்துடும் சார்."

எனக்கு அந்த வாக்கியம் ரொம்பப் பிடித்திருந்தது. நான் பி.காம். எங்கள் வகுப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: டிரையல் பேலன்ஸ் டேலி ஆனால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஓர் இடத்தில் நூறு கூட, இன்னோர் இடத்தில் நூறு குறைய என்றால் இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகிவிடும். கோணலான தப்பைக் கண்டுபிடித்துவிடலாம். நேராக உட்கார்ந்திருக்கும் தப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அது டை ஆகி, டை வெட்டிய பாகமாகி, அசெம்பிளியில் பொருந்தாமல் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

ஆகவே திருத்துகிற கையை வைத்துக்கொள்ளணும். அதை விலக்கவும் வழி வேண்டும். எப்படி விலக்குவது என்பதில்தான் மென்பொருள் எழுதுகிறவர்களின் நிஜமான தலைவலி இருக்கிறது.

முதல் தலைவலி, கீ பஞ்சம். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் என்று இருப்பதே மூன்றுதான். ஷிஃப்ட்டைப் பிடித்து இழுத்தால் கோடு நேராகப் போகணும் என்று பாதி உலகம் பழகிவிட்டது. ஆல்ட்டைப் பிடித்தால் பிரதி எடுக்கணும் என்று இன்னொரு கூட்டம். லினக்ஸின் சில மேஜைகளில் ஆல்ட்டைப் பிடித்து இழுத்தால் ஜன்னலே நகர்ந்து போகும். ஆகவே பவர்பாயின்ட்டில் ஸ்நாப்பை விலக்க ஆல்ட், ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல். வீட்டுக்கு வீடு வாசப்படி. பிளெண்டர் என்கிற முப்பரிமாண மென்பொருள் ஒரு சாமர்த்தியம் பண்ணியிருக்கிறது. அங்கே கன்ட்ரோலைப் பிடித்தால் இருப்பது எதிர்மாறாகும். ஸ்நாப் ஓடிக்கொண்டிருந்தால் விலகும், இல்லாவிட்டால் வந்து சேரும். ஒரே விரல் கட்டுப்பாட்டிலிருந்து சுதந்திரமும் தரும், சுதந்திரத்திலிருந்து கட்டுப்பாடும் தரும். அழகுதான். ஆனால் இப்போது நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்பது ஞாபகம் இருக்கணும்.

அந்த ஞாபகம்தான் இரண்டாவது தலைவலி, பெரியதும் கூட. ஆட்டோகேட்டில் ஸ்நாப்பை மூன்று விதமாக விலக்கலாம். F3-ஐத் தட்டினால் மறுபடி தட்டும் வரை அணைந்தே கிடக்கும். ஷிஃப்ட்டையும் D-யையும் சேர்த்துப் பிடித்தால், பிடித்திருக்கும் வரை மட்டும் விலகும். NON என்று டைப் அடித்தால் அடுத்து வைக்கும் ஒரே ஒரு புள்ளிக்கு மட்டும் விலக்கு. மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று தோன்றும். இல்லை. முதலாவதில் நீங்கள் மறந்துபோகலாம். மற்ற இரண்டில் மறப்பதற்கு வழியே இல்லை.

மேக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின் 2000-ல் எழுதிய புத்தகத்தில் இதற்குத் தனிப் பெயரே கொடுத்தார். ஸ்விட்சைப் போட்டு ஒரு நிலைக்குப் போவது 'மோட்'. விரலால் பிடித்திருக்கும் வரை மட்டும் இருப்பது 'குவாசி மோட்'. உதாரணம் உங்கள் கீபோர்டிலேயே இருக்கிறது, கேப்ஸ் லாக்கும் ஷிஃப்ட்டும். பாஸ்வேர்டு தப்பு என்று மூன்று முறை திட்டு வாங்கிய பிறகுதான் கேப்ஸ் லாக் ஞாபகம் வரும். ஷிஃப்ட்டைப் பிடித்திருப்பதை யாரும் மறந்ததில்லை. சதைக்குத் தெரியும். ஜெராக்ஸ் பார்க்கில் வேலை பார்த்த லாரி டெஸ்லருக்கு இந்த மோட்களின் மேல் இருந்த வெறுப்பில், தன் கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று வாங்கி மாட்டியிருந்தார்.

இதை நான் நீதி சம்பந்தப்பட்ட விஷயமாகவே பார்க்கிறேன். விதியை மீறுவது சில சமயம் அவசியம். ஆனால் மீறுகிற நேரம் முழுக்க மீறுகிறவனுக்கு அது உறைத்துக்கொண்டிருக்கணும். கை எடுத்தால் விதி தானாகத் திரும்பி வரணும். திரும்பி வருவதற்கு இன்னொருவர் ஞாபகம் வைத்து ஸ்விட்சைத் தட்டவேண்டிய நிலைமை ஆபத்தானது.

பெரிய உதாரணம் வேண்டுமா? 1975 ஜூனில் அறிவித்த நெருக்கடி நிலை 21 மாதம் நீடித்தது. அப்போதைய அரசியல் சட்டப்படி நாடாளுமன்றம் ஒரு முறை ஒப்புக்கொண்டுவிட்டால் போதும், முடிக்கிறேன் என்று அரசே சொல்லும் வரை ஓடும். சுத்தமான F3. 1978-ல் வந்த 44-வது திருத்தம் அதை மாற்றியது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாடாளுமன்றம் மறுபடி ஒப்புதல் தரணும். தராவிட்டால் தானாக முடிந்துவிடும். விரலைப் பிடித்துக்கொண்டே இருக்கணும் என்று ஆக்கிவிட்டார்கள்.

சின்ன உதாரணமும் இருக்கிறது. இந்த வரியை நான் டைப் அடிக்கிற தமிழ்99 விசைப்பலகை, 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்டது. அதில் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். 'அம்மா'வுக்கும் 'பக்க'த்துக்கும் புள்ளி தேடவேண்டாம். தமிழில் இரட்டிப்பது அதிகம் என்பதால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் 'மமதை' என்று அடிக்கப் போனால் 'ம்மதை' என்று வந்து நிற்கும். நடுவில் ஒரு 'அ' தட்டணும். அந்த 'அ' ஒரு எழுத்துக்கு மட்டும் மெஷினின் உபகாரத்தை நிறுத்திவைக்கிறது. அடுத்த எழுத்துக்கு அது பழையபடி வேலைக்கு வந்துவிடுகிறது. ஆட்டோகேட்டின் NON-க்கு இது நம்மூர்த் தம்பி. மெஷினின் மமதையை அடக்க 'மமதை'யையே உதாரணமாகச் சொல்லவேண்டியிருப்பது தற்செயல்தான்.

இருங்காட்டுக்கோட்டைக்கு வருவோம். அங்கே தயாராகும் க்ரெட்டா காரின் சில வகைகளில் 2024 மாடலிலிருந்து தடத்தை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ளும் வசதி உண்டு. கேமரா சாலையில் வெள்ளைக் கோட்டைப் பார்க்கும். கார் விலகினால் ஸ்டியரிங்கை லேசாக உள்ளே திருப்பும். டிசைனரின் ஸ்நாப்பேதான், மணிக்கு எண்பது கிலோமீட்டரில். விலக்குக் கீயும் இருக்கிறது. இண்டிகேட்டர் போட்டால் 'ஓஹோ, தெரிந்துதான் மாறுகிறார்' என்று விட்டுவிடும். ஆனால் வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் எதிர்த் திசையில் ஒரு டூ வீலரோ, நடுவில் ஒரு எருமையோ வந்தால் யார் இண்டிகேட்டர் போட்டுவிட்டு ஒதுங்குவார்கள்? அந்த நொடியில் ஸ்டியரிங் கொஞ்சம் கையை எதிர்க்கும். அழுத்தித் திருப்பினால் இணங்கிவிடும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். திருத்துகிற கை நம் கையைவிட பலவீனமாக இருக்கணும் என்பது இங்கே உயிர்ப் பிரச்னை.

அது பலமாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். போயிங் 737 மேக்ஸில் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே இறக்கும் ஒரு நிரல் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. 2018-ல் இந்தோனேஷியாவில் விழுந்த பிறகுதான் வெளியே வந்தது. 2019-ல் எத்தியோப்பியாவில் இன்னொன்று. இரண்டிலும் சேர்த்து 346 பேர். தப்பான சென்சாரை நம்பி, தப்பான இடத்தில் கரெக்டாக உட்கார்ந்தது அந்த நிரல். ஆட்டோகேட்கூட ஒட்டிக்கொள்ளும் முன் சொல்லிவிட்டுச் செய்யும். முனை என்றால் சின்னச் சதுரம் தெரியும், நடுப்புள்ளி என்றால் முக்கோணம், மையம் என்றால் வட்டம். 'இங்கேதான் இழுக்கப் போகிறேன், சரியா?' என்று கேட்கிற மரியாதை.

இதெல்லாம் டிசைன் அறையிலும் சாலையிலும். ஷாப் ஃப்ளோரில் என்ன நடக்கிறது?

வெல்டிங் ரோபோவைச் சுற்றி வேலி உண்டு. கதவு திறந்தால் ரோபோ நின்றுவிடணும் என்பது விதி. ஆனால் அதற்கு வேலை கற்றுக்கொடுப்பவர் உள்ளே போய் அதை நகர்த்தித்தான் ஆகணும். அவர் கையில் டீச் பெண்டன்ட் என்று ஒரு பலகை. அதன் பின்பக்கத்துப் பட்டனைப் பிடித்திருக்கும் வரைதான் ரோபோ அசையும், அதுவும் நொடிக்கு 250 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். நம்முடைய ஆல்ட் கீயேதான். இதில் ஒரு நுணுக்கம். அந்தப் பட்டனுக்கு மூன்று நிலை. விட்டாலும் நிற்கும், ரொம்ப இறுக்கினாலும் நிற்கும், நடுவில் மட்டுமே ஓடும். ஆபத்து வந்தால் மனிதன் கையை உதறுவான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிலர் பயத்தில் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள் என்று பிறகு புரிந்தது. மனிதனை இவ்வளவு கவனித்துச் செய்த பொருளைப் பார்த்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது.

அந்தப் பட்டனின் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றி ஒட்டிவைப்பது உலகம் முழுக்கத் தெரிந்த வித்தை. பவர் பிரஸ்ஸிலும் அப்படித்தான். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். அப்போதுதான் இரண்டு கையும் டைக்கு வெளியே இருக்கும். ஒரு பட்டனில் எதையாவது செருகிவிட்டால் ஒரு கை மிச்சம், அடிக்கு ஒரு நொடி மிச்சம். டேப் செய்வது இவ்வளவுதான், பிடித்திருக்கவேண்டியதை ஸ்விட்ச் ஆக்கிவிடுகிறது. ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலைகளில் விரல் இழந்தவர்களைப் பற்றி சேஃப் இன் இந்தியா என்ற அமைப்பு 2019-லிருந்து அறிக்கைகள் வெளியிட்டுவருகிறது. குர்கான் - மானேசரில் தொடங்கிய வேலை. பவர் பிரஸ்தான் அவற்றில் முதல் குற்றவாளி.

டேப் ஒட்டியவனைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். நான் கணக்குப் படித்தவன், வேறு மாதிரி கேட்கிறேன். அந்த ஒரு நொடி யாருடைய கணக்கில் வரவு? விரல் யாருடைய கணக்கில் பற்று? டிசைன் அறையில் ஸ்நாப்பை விலக்குகிறவரும் விளைவைப் பார்க்கிறவரும் ஒரே ஆள். தப்பென்றால் கன்ட்ரோல்-இசட் இருக்கிறது. பிரஸ்ஸில் பாதுகாப்பை நிறுத்திவைக்கும் சாவி சூப்பர்வைசர் பாக்கெட்டில் இருந்து, கை மட்டும் கான்ட்ராக்ட் தொழிலாளியுடையதாக இருந்தால், மீறுகிறவருக்கு எதுவும் உறைக்காது. உறைக்கிறவருக்குச் சாவி கிடையாது. பிடித்திருக்கும் விரலும் போகக்கூடிய விரலும் ஒரே ஆளுடையதாக இருக்கிற வரைக்கும்தான் நான் மேலே சொன்ன நியாயம் செல்லும்.

இவ்வளவு சொன்ன பிறகு டிசைனர் நண்பரிடம், 'நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?' என்று கேட்டேன். சிரித்தார். "F3-தான் சார். நாள் பூரா ஷிஃப்ட்டைப் பிடிச்சா சுண்டுவிரல் செத்துரும். காலைல ஆஃப் பண்ணிட்டு மறந்துருவேன். மத்தியானம் ஹாட்ச் விழலேன்னா ஞாபகம் வரும்."

சுண்டுவிரல் வலியை நான் யோசிக்கவில்லைதான். பிடித்திருப்பது நியாயம் என்று சொல்வதற்குப் பிடிக்கக்கூடிய கை வேண்டும். ஒரு கை மட்டும் உள்ளவர் மவுஸையும் பிடித்து ஆல்ட்டையும் பிடிப்பது எப்படி? பிரஸ்ஸில் மூன்று விரல் போய், பிறகு கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வேறு வேலை தேடுகிற ஒருவரிடம், பிடித்தால்தான் பொறுப்பு என்று நான் உபதேசம் பண்ண முடியுமா? அவருக்கு ஸ்விட்ச்தான் நியாயம், பிடிப்பது அநியாயம்.

விண்டோஸில் இதற்கென்றே ஸ்டிக்கி கீஸ் என்று ஓர் ஏற்பாடு பல வருஷமாக இருக்கிறது. ஷிஃப்ட்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் 'வேண்டுமா?' என்று கேட்கும். ஏதோ விளையாட்டு விளையாடும்போது தட்டுப்பட்டு, எரிச்சலோடு நீங்கள் மூடிய அதே பெட்டிதான். 'ஆம்' என்று சொல்லிவிட்டால் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் எதையும் பிடிக்கவேண்டாம். ஒரு முறை தட்டினால் அடுத்து வரும் ஒரு கீக்கு மட்டும் செல்லும், பிறகு தானாக விலகிவிடும். இரண்டு முறை தட்டினால்தான் பூட்டிக்கொள்ளும்.